கெபிக்கு மேலே ஏற்றம்

பிப்ரவரி 20

என் வீட்டுக்காரருக்கு முப்பதாம் நாள் பூசை நேற்று முடிந்தது. வந்த உறவெல்லாம் காலை பஸ்ஸில் இறங்கிப் போய்விட்டது. பெரிய பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்தேன். அதற்கப்புறம் செய்வதற்கு ஒன்றும் இல்லை. இந்த டைரி புது வருஷத்துக்கு பெட்ரோல் பங்க்கில் அவருக்குக் கொடுத்தது. ஒரு பக்கம்கூட எழுதாமல் வைத்திருந்தார். நான் ஐந்தாவது வரைக்கும் படித்தவள். எழுத்து கோணலாகத்தான் வரும். யார் பார்க்கப் போகிறார்கள்.

எனக்கு ஒன்று தெரிந்தாக வேண்டும். அன்றைக்கு வண்டி ஏன் நின்றது.

அன்றைக்கு விடிந்து கொஞ்ச நேரத்தில் அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்தார். எங்கள் ஊர் ஏற்காட்டுக்குப் பின்பக்கம், பள்ளத்தில் இருக்கிறது. நூற்றியெட்டு வந்து சேருவதற்குள் பாதிப் பொழுது போய்விடும். அதனால் ஊரில் யாருக்கு என்ன ஆனாலும் எங்கள் அம்பாசிடர்தான், ஓட்டுகிறவர் அவர்தான். அன்றைக்கு அவரைப் பின்சீட்டில் என் மடியில் படுக்கவைத்தோம். அவர் தம்பி லூர்து ஓட்டினான். பாதி மலையில் மாதா கெபி இருக்கிறது. பாறையைக் குடைந்து மாதாவை நிறுத்தியிருக்கிறார்கள். அதைத் தாண்டினால் செங்குத்தான ஏற்றம். அந்த ஏற்றத்தில் வண்டி இருமியது, குலுங்கியது, நின்றுவிட்டது. லூர்து பானட்டைத் திறந்தான். தட்டினான், தண்ணீர் ஊற்றினான், அழுதான். ரொம்ப நேரம் கழித்து, ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆனது. அதற்குள் அவர் கை என் கையில் கனத்துவிட்டது.

பெட்ரோல் வரவில்லை, பம்ப் போய்விட்டது என்கிறான் லூர்து. ஊரில் வேறு சொல்கிறார்கள். முதல் நாள் கல்யாண வீட்டில் குடித்துவிட்டு வந்தவன், கைகால் உதறி எதையோ தப்பாகச் செய்து நிறுத்திவிட்டான் என்று. நான் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. அவனிடம் பேசுவதும் இல்லை.

பம்ப் கெட்டிருந்தால் அது இரும்பு. இரும்பிடம் என்ன கேட்க முடியும். பம்ப் நன்றாக இருந்தால் லூர்து பொய் சொல்கிறான்.

பிப்ரவரி 23

தினம் காலையில் கொட்டகைக்குப் போய் வண்டியில் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருகுகிறேன். ஓட்டத் தெரியாது. பேட்டரி செத்துவிடக்கூடாது என்று அவர் வெளியூர் போனால் என்னைச் செய்யச் சொல்வார். இன்றைக்கும் முதல் திருகலிலேயே எடுத்துக்கொண்டது. புகை காலைப் பனி மஞ்சோடு சேர்ந்து கொட்டகைக்குள் சுற்றியது. சீட்டில் தலையை வைத்தேன். கண் செருகிவிட்டது போல. வண்டி ஓடிக்கொண்டிருந்தது, அவர் பக்கத்தில் இருந்து எதையோ சொல்லிக்கொண்டே வந்தார். நான் உம் கொட்டினேன். விழித்தால் கோழி ஒன்று பானட்டில் ஏறி நின்று என்னைப் பார்க்கிறது.

இவ்வளவு நல்ல பிள்ளையாக ஓடுகிற வண்டி அன்றைக்கு மட்டும் ஏன்.

பிப்ரவரி 25, ஞாயிறு

பூசை முடிந்து வெளியே வந்தால் புங்க மரத்தடியில் ஜீப் டிரைவர்கள் நின்றார்கள். என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள். பெரியநாயகம் மட்டும் கிட்டே வந்தார். என் வீட்டுக்காரரோடு ஒன்றாக ஓட்டப் பழகியவர். அழுகிற முகத்தை வைத்துக்கொண்டு சிரிக்கவைக்கப் பார்க்கிற ஆள்.

"கெபியில நாங்க எல்லாம் மெழுகுவத்தி ஏத்திட்டு வந்து பானட்டைத் தொட்டுக் கும்புடுவோம் தங்கச்சி. உம் புருஷன் மட்டும் கொஞ்ச நாளா வண்டிப் பின்னாடி போயிக் கும்புடுவான். ஏண்டா சூசை, மாதா உனக்கு மட்டும் டிக்கியில இருக்காளான்னு கேட்டா சிரிப்பான். என்ன வேண்டுதலோ."

எனக்கும் தெரியும். தீபாவளிக்கு அப்புறம் வந்த பழக்கம். கெபியில் வண்டியை நிறுத்தாமல் அவர் ஒருநாளும் போனதில்லை. மெழுகுவர்த்தி ஏற்றுவார், பின்பக்கம் போய் முதுகைக் காட்டிக்கொண்டு குனிந்து நிற்பார், பிறகு வந்து ஏறுவார். நான் சீட்டில் இருந்தபடியே சிலுவை போட்டுக்கொள்வேன்.

லூர்து கோயிலின் கடைசிக் கம்பத்தடியில் நின்றான். மெலிந்துவிட்டான். நான் பார்த்த மாதிரி காட்டிக்கொள்ளவில்லை. அவன் பெண்டாட்டி ஸ்டெல்லாவுக்கு வயிறு நன்றாக இறங்கிவிட்டது. ஏப்ரலில் இருக்கும். அவள் வந்து என் கையைப் பிடித்தாள். கையை உதற மனசு வரவில்லை.

மார்ச் 3

ஷரீப் பாய் சேலத்தில் இருந்து பஸ்ஸில் வந்தார். இந்த வண்டி எங்கள் கைக்கு வந்த நாளில் இருந்து அதைப் பழுது பார்க்கிறவர் அவர்தான். டீ கொடுத்தேன். குடித்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் பானட்டைத் திறந்தார்.

என்னையும் பக்கத்தில் நிற்கச் சொன்னார். எஞ்சின் இடுப்பில் ஒட்டிக்கொண்டு ஒரு கைப்பிடி அளவுக்கு ஒரு சாமான். அதுதான் பம்ப். பின்னால் டேங்க்கில் இருக்கிற பெட்ரோலை உறிஞ்சி முன்னால் தருகிறது. அதன் தலையில் கண்ணாடிக் கிண்ணம், அதில் பெட்ரோல் நிற்பது தெரியும். கிண்ணத்தைக் கழற்றிக் காட்டினார். அழுக்கு இல்லை. பம்ப்பில் இருந்து போகிற குழாயைக் கழற்றி ஒரு டம்ளருக்குள் விட்டு என்னை சாவி போடச் சொன்னார். பீய்ச்சி பீய்ச்சி வந்து டம்ளர் நிறைந்தது. பால் கறக்கிற மாதிரிதான் இருந்தது.

பிறகு மலை ஏறிப் பார்ப்போம் என்றார். நான் பின்சீட்டில் உட்கார்ந்தேன். அன்றைக்கு உட்கார்ந்த அதே பக்கம். கெபி வந்ததும் நிறுத்தச் சொன்னேன். அவர் போன பிறகு மாதாவுக்கு ஒரு மெழுகுவர்த்தி ஏற்றவில்லை. இறங்கினேன். காற்றில் திரி அணைந்து அணைந்து போனது. பாய் எஞ்சினை அணைத்துவிட்டு, மதில் மேல் உட்கார்ந்து பீடி பிடித்தார். அவசரப்படுத்தவில்லை. நான் எவ்வளவு நேரம் அங்கே இருந்தேன் என்று எனக்கே தெரியாது. பிறகு ஏறினோம். அந்த ஏற்றம் வந்ததும் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது வண்டி உச்சியில் இருந்தது. ஒரு தும்மல்கூட இல்லை.

"பம்ப் நல்லா இருக்கு தங்கச்சி," என்றார் பாய். தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

சரி. அப்படியென்றால் லூர்துதான்.

மார்ச் 4

லூர்து வீட்டு நாய் வந்தது. அதற்குக்கூட இன்றைக்கு சோறு வைக்கவில்லை.

மார்ச் 9

ஸ்டெல்லா வந்தாள். உட்காரச் சொல்லாமலே உட்கார்ந்தாள், வயிறு அப்படி. லூர்து சாப்பிடுவதில்லை, வேலை இல்லாத நேரம் அந்த ஏற்றத்துக்கு நடந்துபோய்ச் சும்மா நிற்கிறான், ஒரு வார்த்தை நீங்கள் பேசினால் போதும் என்றாள். பம்ப் நன்றாக இருக்கிறது என்று பாய் சொல்லிவிட்டார் என்றேன். அவள் வெகுநேரம் தரையில் விரலால் கோடு போட்டாள்.

"அன்னைக்கு கெபிகிட்ட அவரு வேகத்தைக் கொறைச்சாராம் அக்கா. நிறுத்தத்தான் பாத்தாராம்."

அதற்கென்ன என்று கேட்டேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். ஒன்றும் இல்லை அக்கா, சும்மா சொன்னேன் என்று எழுந்துவிட்டாள். போகும்போது கதவைப் பிடித்துக்கொண்டு நின்று, நீங்கள் சாப்பிடுகிறீர்களா என்று கேட்டாள்.

வேகத்தைக் குறைத்தான். ஆமாம், எனக்கும் நினைவிருக்கிறது. வண்டி மெதுவாகி, ஓரம் ஒதுங்கியது. நிறுத்தாதே, போ, போ என்று ஒரு சத்தம். உடனே வேகமெடுத்தான். அந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. வண்டியில் நாங்கள் மூன்று பேர்தான். அவரால் பேச முடியவில்லை.

காப்பிக் காட்டில் பழுத்த இலை கூட்டினேன். இடுப்பு வலிக்கிறது.

மார்ச் 12

மத்தியானம் படுத்தேன். கனவில் அவர் வண்டிக்கு அடியில் படுத்திருக்கிறார். கால் மட்டும் வெளியே தெரிகிறது. பன்னிரண்டாம் நம்பர் ஸ்பேனர் எடு என்கிறார். நான் சமையல்கட்டில் போய்க் கரண்டி எடுத்துவந்து கொடுக்கிறேன். அதை வாங்கிக்கொண்டு, இதுவும் நன்றாகத்தான் இருக்கிறது என்கிறார். அந்தக் காலில் செருப்பு இல்லை, பாதம் ஈரமாக இருந்தது. வெளியே வாங்களேன் என்றேன். வந்தால் வேலை கெட்டுப்போகும் என்றார்.

எழுந்தபோது வீட்டுக்குள் மஞ்சு வந்திருந்தது. சன்னலைச் சாத்த மறந்துவிட்டேன். அடுப்பு எது, சுவர் எது என்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தேன். நன்றாக இருந்தது.

மார்ச் 16

ஷரீப் பாய் நான் கூப்பிடாமலே வந்தார். காரணம் இல்லாமல் எந்த வண்டியும் நிற்காது, எனக்குத் தூக்கம் வரவில்லை என்றார். இன்னொரு தடவை மலை ஏறலாம் என்றார்.

பூ மழை பிடித்துக்கொண்டது. வருஷாவருஷம் இந்த மழை பெய்தால்தான் காப்பிச் செடி பூக்கும். கெபியில் இறங்க முடியாத அளவுக்கு ஊற்றியது. நிறுத்தாமல் போனோம்.

ஏற்றத்தில் பாதி போயிருப்போம். வண்டி ஒரு இருமல் இருமியது. இன்னொரு இருமல். முன்னும் பின்னும் குலுங்கியது, நின்றது. அன்றைக்கு நின்ற அதே புளிய மரம், அதே மைல்கல். மழை கூரையில் கொட்டுகிற சத்தம் மட்டும்தான். என் கை தானாகவே மடியில் இல்லாத தலையைப் பிடித்தது.

பாய் மழையில் நனைந்துகொண்டே பானட்டைத் திறந்தார். கண்ணாடிக் கிண்ணம் காலி. குழாயைக் கழற்றி சாவி போடச் சொன்னார். ஒரு சொட்டு இல்லை. ஈரத் துணியை எடுத்து பம்ப்பில் சுற்றினார், சூட்டில் பெட்ரோல் ஆவியாகிப் பம்ப் இழுக்காமல் போகும், குளிர்ந்தால் இழுக்கும் என்று. இந்த மழையில் என்ன சூடு என்று அவரே முணுமுணுத்தார். காத்திருந்தோம். மழை விட்டு, வெயில் வந்து, ரோட்டில் இருந்து ஆவி எழும்பியது. பிறகு ஒரு தடவை சாவி போட்டார். ஒன்றுமே நடக்காத மாதிரி எடுத்துக்கொண்டது.

பம்ப் வயதாகிவிட்டது, நின்ற இடத்தில் நன்றாக வேலை செய்யும், ஏற்றத்தில் மூச்சு வாங்கும் போல, புதிது ஒன்று வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

லூர்து பொய் சொல்லவில்லை. அவன் சொன்ன மாதிரியேதான் நின்றது. வரும்போது அவன் வீட்டைத் தாண்டித்தான் வந்தேன். வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தான். வண்டிச் சத்தம் கேட்டதும் கோடாலியைக் கீழே வைத்துவிட்டு நின்றான். இறங்கிப் போய்ச் சொல்லியிருக்கலாம்.

நாளைக்குச் சொல்கிறேன்.

மார்ச் 17

சொல்லவில்லை.

மார்ச் 21

ஒரே இரவில் மலை முழுக்கப் பூத்துவிட்டது. வெள்ளை வெள்ளையாக, செடியில் சோறு கொட்டின மாதிரி. அந்த வாசத்தில் நடக்கும்போது கால் தரையில் பட்டதா என்று தெரியவில்லை.

பாய் புதுப் பம்ப் கொண்டுவந்து மாட்டினார். பழையதைத் துடைத்துக் கையில் கொடுத்தார். சமையல்கட்டு சன்னலில் வைத்தேன். இந்தத் தடவை எங்கேயும் நிற்காமல் ஒரே மூச்சாக ஏறிப் பார்ப்போம் என்றார்.

புதுப் பம்ப்பும் அதே புளிய மரத்தடியில் நின்றது.

பாய் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார். பிறகு ஒரு டப்பாவை எடுத்துக்கொண்டு ஓடையில் தண்ணீர் பிடித்துவரக் கீழே இறங்கிப் போனார். நான் தனியாக இருந்தேன். மஞ்சு மேலே இருந்து மெதுவாக இறங்கிவந்து வண்டியை மூடியது. பூ வாசம் மூச்சை அடைத்தது. காக்கை ஒன்று எங்கேயோ கத்துகிறது, எங்கே என்று தெரியவில்லை.

இறங்கினேன். ஏன் பின்பக்கம் போனேன் என்று சொல்லத் தெரியவில்லை. அவர் கெபியில் நிற்கிற மாதிரி நின்றுபார்க்கலாம் என்று இருந்தது, அவ்வளவுதான். அவர் குனிகிற மாதிரி குனிந்தேன். அப்படிக் குனிந்தால் கை எங்கே போகிறது என்று பார்த்தேன். பெட்ரோல் டேங்க் மூடிக்குப் போகிறது. சிலுவை போடுகிறார் என்றுதானே நினைத்திருந்தேன். மூடியைத் திருகினேன். இறுகியிருந்தது. முந்தானையை வைத்துத் திருகினேன்.

ஸ்ஸ் என்று ஒரு இழுப்பு. வெளியே வருகிற காற்று இல்லை, உள்ளே போகிற காற்று. தண்ணீரில் முங்கிக் கிடந்தவன் தலையைத் தூக்கி இழுக்கிற மூச்சு. என் முந்தானை நுனியை அந்த வாய் பிடித்து இழுத்தது. இழுத்துக்கொண்டே இருந்தது. பிறகு அடங்கியது.

அங்கேயே ரோட்டில் உட்கார்ந்துவிட்டேன்.

பாய் வந்து சாவி போட்டார். உடனே ஸ்டார்ட் ஆனது. மூடியை என் கையில் இருந்து வாங்கித் திருப்பிப் பார்த்தார். உள்ளே, பழைய சைக்கிள் ட்யூபை வட்டமாக வெட்டி அழகாக ஒட்டியிருந்தது. அதைப் பார்த்தபடியே நின்றார். மூடியில் ஒரு சின்ன ஓட்டை இருக்குமாம். பெட்ரோல் குறையக் குறைய அது வழியாகக் காற்று உள்ளே போகவேண்டுமாம். போகாவிட்டால் டேங்க்குக்குள் வெறுமை உண்டாகி, எந்தப் பம்ப்பாக இருந்தாலும் இழுக்க முடியாமல் தோற்றுவிடும். டேங்க் நிறைய இருந்தால் இன்னும் சீக்கிரம். என் வீட்டுக்காரருக்கு டேங்க் நிறைய இருந்தால்தான் தூக்கம் வரும். நிறுத்திவைத்தால் ரப்பர் ஓரமாகக் காற்று கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து உள்ளே போகும், வண்டி மறுபடி ஓடும். பாயோடு முதல் தடவை மலை ஏறினபோது, கெபியில் நான் மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டு இருந்த நேரத்தில் அதுதான் நடந்திருக்கிறது.

"இத்தனை நாளா பம்ப்பையே பாத்துட்டு இருந்தேன், மூடியைத் தொறந்து பாக்கலையே. யாரு தங்கச்சி இந்த ரப்பரை வெச்சது?"

எனக்குத் தெரியும். தீபாவளி சமயத்தில் ஸ்டெல்லாவுக்கு மாசமாகி மூன்று மாதம். சேலத்தில் ஸ்கேன் எடுக்க என் வீட்டுக்காரர்தான் கூட்டிப்போவார். பெட்ரோல் வாசம் குமட்டுகிறது என்று வழியெல்லாம் வாந்தி எடுத்தாள். மறுநாள் இவர் வாசலில் உட்கார்ந்து என் தையல் கத்தரிக்கோலால் ட்யூபை வெட்டினார். துணி வெட்டுகிற கத்தரி மழுங்கிப் போகும் என்று சத்தம் போட்டேன். அதற்கப்புறம் அவள் வாந்தி எடுக்கவில்லை. வண்டி ஒருநாள் நின்றிருக்கும், இவர் கண்டுபிடித்திருப்பார். ஓட்டை விட்டால் வாசம் வரும். அதனால் கெபியில் நிறுத்தி, திறந்து காற்று விட்டு மூடினார். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அந்தப் பெண் கூச்சப்படும் என்று விட்டிருப்பார். அப்படிப்பட்ட ஆள்.

ரப்பரை உரித்து மடியில் கட்டிக்கொண்டேன். இதை ஊரில் யாரிடமும் சொல்லவேண்டாம் என்று பாயிடம் கேட்டுக்கொண்டேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை.

மார்ச் 22

ரப்பரை அடுப்பில் போட்டேன். கறுப்பாகப் புகைந்தது. கண் எரிந்தது.

மார்ச் 25, குருத்து ஞாயிறு

நான் சொன்னால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்க்கிறேன். ஸ்டெல்லா நிறைமாசக்காரி. என் வாந்தியால்தான் மாமா போனார் என்று நினைப்பாள். குழந்தையைப் பார்க்கும்போதெல்லாம் அதுதான் தோன்றும். அவளுக்காக வைத்த ரப்பர் அவளை அடிக்கக்கூடாது.

லூர்துக்குச் சொன்னால், கெபியில் நின்றிருந்தால் பிழைத்திருப்பார் என்று அவனுக்குத் தெரிந்துவிடும். அவன் நிறுத்தத்தான் பார்த்தான். இவ்வளவு நாளும் ஊர் அவனைக் குடிகாரன் என்றது, கைகால் உதறியவன் என்றது. அவன் திருப்பி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்வதற்கு அவனிடம் ஒரு வார்த்தை இருந்தது. ஊரில் ஒருத்தரிடமும் சொல்லவில்லை.

அது என்ன வார்த்தை என்று இங்கே எழுத மாட்டேன்.

மார்ச் 30, பெரிய வெள்ளி

சிலுவை முத்தம் செய்ய வரிசையில் நின்றேன். ஆண்கள் வரிசை பக்கத்தில். லூர்துவும் நானும் ஒரே நேரத்தில் முன்னால் வந்துவிட்டோம். அவன் பின்னால் ஒதுங்கி எனக்கு வழி விட்டான். வாயைத் திறந்தேன். சாமியார் சிலுவையை நீட்டிவிட்டார்.

நாய்க்கு சோறு வைத்தேன்.

ஏப்ரல் 4

காலையில் வாசல் தெளித்துக்கொண்டிருக்கும்போது ஸ்டெல்லா வீட்டில் இருந்து சத்தம் கேட்டது. பனிக்குடம் உடைந்துவிட்டது. நூற்றியெட்டுக்கு யாரோ போன் போட்டார்கள், வண்டி வேறு கேஸுக்குப் போயிருக்கிறது என்றார்கள். பெரியநாயகத்தின் ஜீப் சேலத்தில் இருந்தது. லூர்து வாசலுக்கும் ரோட்டுக்கும் நடந்தான். என் வீட்டுப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஆணியில் இருந்து சாவியை எடுத்துக்கொண்டு அவன் எதிரில் போய் நின்றேன். அவர் போன பிறகு அந்த வாசலை மிதிப்பது அதுதான் முதல் தடவை.

"வண்டியை எடு."

"நான் ஓட்ட மாட்டேன் அண்ணி."

"வேற யாரு ஓட்டறது. நானா?"

"மறுபடியும் நின்னுட்டா…"

"நிக்காது. பம்ப்ல தான் கோளாறு. நீ சொன்னதுதான் சரி. பாய் புதுசு மாத்திட்டாரு."

அவன் என்னைப் பார்த்தான். நான் பார்வையை எடுக்கவில்லை. வாய் கூசாமல் சொன்னேன் என்று எனக்கே ஆச்சரியம். அவன் சாவியை வாங்கிக்கொண்டான்.

ஸ்டெல்லாவைப் பின்சீட்டில் என்மேல் சாய்த்துக்கொண்டேன். ஊரைத் தாண்டினதும் அவள் மூக்கைப் பொத்தினாள்.

"அக்கா, பெட்ரோல் வாசம் வருது. மாமா ஓட்டறப்ப வரவே வராது."

"பழைய வண்டி, வரத்தான் செய்யும்," என்றேன். ஒரு கமலாப்பழத்தை உரித்து, தோலை அவள் மூக்கில் வைத்தேன். அதையும் மீறி அந்த வாசம் வந்துகொண்டிருந்தது. அவர் சட்டையில், தலையணையில், சாப்பிடுகிற கையில் இருந்த வாசம். அவள் குமட்டினாள். நான் வயிறு நிறைய இழுத்தேன்.

கெபி வந்தது. வண்டி மெதுவானது. கண்ணாடியில் லூர்துவின் கண் என்னைத் தேடியது. நான் ஸ்டெல்லாவின் தலையைத் தடவிக்கொண்டு, "நீ ஓட்டற. ஒனக்குத் தெரியும்," என்றேன்.

அவன் நிறுத்தவில்லை. ஏற்றத்தில் கியரை மாற்றினான். அவன் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. புளிய மரம் வந்தது, சன்னலில் கொஞ்ச நேரம் இருந்தது, பின்னால் போனது. உச்சியில் வெயில் கண்ணைக் குத்தியது. கீழே சேலம் முழுக்கப் புகைமூட்டமாக, தண்ணீருக்குள் இருக்கிற ஊர் மாதிரி தெரிந்தது. அப்போதுதான் லூர்து அழுதான். அழுதுகொண்டே நன்றாக ஓட்டினான்.

பெண் குழந்தை. பொழுது சாய்வதற்குள் பிறந்துவிட்டது.

ஏப்ரல் 8, ஞாயிறு

நேற்று தாயையும் பிள்ளையையும் கூட்டிவந்தோம். குழந்தைக்கு மூக்கு எங்கள் வீட்டு மூக்கு. தூங்கும்போது உதட்டைச் சப்புகிறது.

இன்றைக்குக் காலையில் லூர்து வண்டியைக் கழுவ வந்தான். கழுவி முடித்து, குடிக்கத் தண்ணீர் கேட்டு சமையல்கட்டு வாசலில் நின்றான். சன்னலில் இருந்த பழைய பம்ப்பைப் பார்த்துவிட்டான். அதை அன்றைக்கே ஒளித்து வைத்திருக்கலாம். சொம்பைக் கீழே வைத்துவிட்டு அதை எடுத்தான்.

பெட்ரோல் நுழைகிற வாயை ஒரு விரலால் அடைத்துக்கொண்டு, அடியில் இருக்கிற நெம்புகோலை அழுத்தி விட்டான். வண்டி ஓட்டுகிறவர்கள் எல்லாரும் இப்படித்தான் பார்ப்பார்களாம், பாயும் கடையில் புதுப் பம்ப்பை இப்படிப் பார்த்துத்தான் வாங்கியதாகச் சொன்னார். நல்ல பம்ப் என்றால் விரலைக் கவ்விப் பிடிக்கும். கெட்டது என்றால் விடும்.

கவ்விப் பிடித்தது. விரலைத் தூக்கினான், பம்ப்பும் விரலோடு தூக்கிக்கொண்டு வந்தது. தொங்கியது. விழவே இல்லை.

நான் அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி முறத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்டெல்லா வீட்டில் குழந்தை அழுதது, அடங்கியது. அவன் விரலை உருவுகிற சத்தம், முத்தம் கொடுக்கிற மாதிரி, கேட்டது. ஏறிட்டுப் பார்த்தேன். அவன் அந்த இரும்பைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தான், குழந்தை முகத்தைத் துடைக்கிற மாதிரி பதமாக.

"ஆமா அண்ணி," என்றான். "இது போயிருச்சு. இனி எதுக்கும் ஆகாது."

"ஆமாப்பா," என்றேன்.